ஹெல்சின்கி–டோக்கியோ: மாறாத தூரமும் மாறும் பயண நேரமும்

1. கேள்வி

ஃபின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கிக்கும் ஜப்பானின் தலைநகர் டோக்கியோவுக்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 7,850 கிலோமீட்டர். ஹெல்சின்கி-வந்தா விமான நிலையத்திலிருந்து நரிதா விமான நிலையம் வரை புவிப்பரப்பின்மீது அளக்கக்கூடிய மிகக் குறுகிய தூரம் இது. 1983 ஏப்ரலில் ஃபின்ஏர் நிறுவனம் இவ்விரு நகரங்களையும் இடைநில்லா விமானத்தால் இணைத்தபோது பயணம் ஏறத்தாழ 13 மணி நேரம் பிடித்தது. 2019இல் அதே நிறுவனத்தின் விமானம் ஒன்பதரை மணி நேரத்தில் டோக்கியோவில் இறங்கியது. 2022 மார்ச்சில் பயண நேரம் மறுபடியும் 13 மணியாயிற்று. நகரங்கள் அவை இருந்த இடத்தில்தான் இருந்தன. விமானங்களின் வேகமும் குறையவில்லை.

பயண நேரம் பற்றிப் பொதுவாக இரண்டு விளக்கங்கள் உண்டு. தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்பது முதலாவது. தொழில்நுட்பம் வளர வளர உலகம் சுருங்கிவருகிறது என்பது இரண்டாவது. ஹெல்சின்கி–டோக்கியோ வரலாறு இவ்விரண்டுக்கும் முழுமையாக ஒத்துவரவில்லை. தொலைதூர நகரங்களுக்கு இடையிலான பயண நேரத்தை முடிவு செய்பவற்றில் வடிவியலுக்கு எவ்வளவு பங்கு, காற்றுக்கு எவ்வளவு, இயந்திரத்துக்கு எவ்வளவு, அரசுகளின் அனுமதிக்கு எவ்வளவு என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. 7,850 கிலோமீட்டர் எப்படிக் கிடைக்கிறது

வகுப்பறைச் சுவரில் தொங்கும் மெர்கேட்டர் வரைபடத்தில் ஹெல்சின்கியையும் டோக்கியோவையும் அடிக்கோலால் இணைத்தால் கோடு தென்கிழக்காகச் சாய்ந்து செல்லும். அந்தக் கோட்டின் வழியே திசைகாட்டியின் ஒரே கோணத்தைப் பிடித்துக்கொண்டு பறந்தால் ஏறக்குறைய 8,780 கிலோமீட்டர் பறக்க வேண்டிவரும். ஒரு புவிக்கோளத்தை எடுத்து, அதே இரு நகரங்களுக்கிடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் வேறொரு பாதை தெரியும். இதுவே பெருவட்டப் பாதை. கோளத்தின் மையத்தின் வழியே செல்லும் தளம் அதன் பரப்பை வெட்டும் கோட்டின் ஒரு பகுதி அது. இரண்டு பாதைகளுக்கும் இடையே 900 கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது. ஒரு மணி நேரப் பறப்புக்கு இது சமம்.

டோக்கியோ ஹெல்சின்கிக்கு மிகத் தெற்கே, 35ஆம் அட்சரேகைக்குச் சற்று மேலே இருக்கிறது. ஆனால் ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்குச் செல்லும் மிகக் குறுகிய பாதை வடகிழக்கு நோக்கித்தான் கிளம்புகிறது. 60ஆம் அட்சரேகையில் புறப்பட்டு 67 பாகை வரை ஏறுகிறது. உரால் மலைத்தொடரின் வடகோடியை ஒட்டி, ஆர்க்டிக் வட்டத்தின்மேல் அமைந்திருக்கும் சலெகார்து நகருக்குச் சற்று வடக்கே உச்சத்தை அடைகிறது. பிறகு மெல்லத் தெற்கே திரும்பி, சைபீரியாவை மூலைவிட்டமாகக் கடந்து, ஜப்பான் கடலை எட்டுகிறது. ஃபின்லாந்தின் எல்லையைத் தாண்டியதிலிருந்து ஜப்பான் கடல் வரை இந்தக் கோட்டின் மிகப் பெரும்பகுதி ஒரே நாட்டின் தரைக்கு மேலே செல்கிறது. அந்த நாடு ரஷ்யா. 1991 வரை சோவியத் ஒன்றியம். பின்னால் வரும் எல்லாச் சிக்கல்களுக்கும் இந்த நிலவியல் உண்மையே வேர்.

தூரம் என்று அச்சிடப்படும் எண்ணுக்குள் சில மறைவான முடிவுகளும் இருக்கின்றன. நரிதா, டோக்கியோவின் மையத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. நகரத்துக்குள்ளேயே ஹனேதா விமான நிலையம் உண்டு. எந்த நிலையத்தை எடுத்துக்கொள்வது, புவியைச் சரியான கோளமாகக் கொள்வதா அல்லது துருவங்களில் சற்றே தட்டையான வடிவமாகக் கொள்வதா என்பதைப் பொறுத்து விடை சில பத்து கிலோமீட்டர்கள் கூடக் குறைய வரும். இவை சிறு வேறுபாடுகள். இவற்றைத் திருத்திக்கொண்டே போனாலும் ஒன்பதரைக்கும் பதின்மூன்றுக்கும் இடையிலான இடைவெளி விளங்காது.

3. தூரம் நேரமாகும்போது

அட்டவணையில் காணும் பயண நேரம் என்பது விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்கி, சேருமிடத்தில் நின்று அடங்கும் வரையிலான நேரம். ஓடுபாதைக்குச் செல்லும் ஊர்தல், ஏற்றம், இறக்கம், நெரிசலுக்காகச் சேர்த்துக்கொள்ளும் நிமிடங்கள் எல்லாம் அதில் அடக்கம். 7,850 கிலோமீட்டரை ஒன்பதரை மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 826 கிலோமீட்டர் வருகிறது. விமானம் நடுவானில் 900 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் பறந்தாலும், பயணியின் கணக்கில் அது 826ஆகத்தான் நிற்கிறது. அதே தூரத்தை 13 மணி நேரத்தால் வகுத்தால் 604. இந்த 604 என்ற எண் எந்த விமானத்தின் வேகமும் அல்ல. சுற்றிச் சென்றதன் விலை அதில் வேகக் குறைவாகத் தோற்றமளிக்கிறது.

காற்றின் பங்கைத் தனியே பார்க்க வேண்டும். நடு அட்சரேகைகளில் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டம் உலகிலேயே மிக வலுவாக வீசும் இடங்களில் ஒன்று குளிர்கால ஜப்பானின் வானம். அங்கே மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. இதை முதலில் முறையாக அளந்தவர் ஜப்பானிய வானிலையாளர் வசபுரோ ஓயிஷி. இன்றைய நரிதாவிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ததெனோ ஆய்வகத்திலிருந்து 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு, அவை அடித்துச் செல்லப்படும் வேகத்தைத் தொலைநோக்கியால் பின்தொடர்ந்து கணக்கிட்டார். முடிவுகள் வெளியுலகைச் சேர வேண்டும் என்பதற்காக 1926இல் எஸ்பெராந்தோ மொழியில் அறிக்கை வெளியிட்டார். அந்த மொழியைப் படிப்பவர்கள் அறிவியல் உலகில் அதிகம் இல்லை. 1944இன் இறுதியில் டோக்கியோவின் மேல் பறந்த அமெரிக்க பி-29 விமானங்கள் இந்தக் காற்றில் சிக்கித் தடுமாறிய பிறகே அதன் வலு பரவலாக உணரப்பட்டது. ஓயிஷியின் உழைப்புக்கு உரிய காலத்தில் உரிய கவனம் கிடைக்காமல் போனது வானிலையியல் வரலாற்றின் வருத்தமான பக்கங்களில் ஒன்று.

இருப்பினும் சைபீரியப் பாதையில் காற்றின் விளைவு எதிர்பார்க்கும் அளவுக்குப் பெரிதல்ல. 2022க்கு முந்தைய அட்டவணைகளில் கிழக்கு நோக்கிய பயணம் ஒன்பதரை மணி நேரத்தை ஒட்டியும், மேற்கு நோக்கிய பயணம் பத்து மணி நேரத்தைச் சற்றுத் தாண்டியும் இருந்தன. முக்கால் மணி நேர வித்தியாசம் என்று கொண்டால், வழி முழுவதற்கும் சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று ஒரு திசையில் உதவி, மறுதிசையில் எதிர்த்தது என்று கணக்கு வருகிறது. ஜப்பானின் வானில் வீசும் காற்றோடு ஒப்பிட்டால் இது சொற்பம். காரணம் பாதையின் வடிவமே: அதன் பெரும்பகுதி ஜெட் காற்றோட்டத்துக்கு வெகு வடக்கே செல்கிறது, ஜப்பானை நெருங்கும் கடைசிப் பகுதியில்தான் வலுவான ஓட்டத்துக்குள் நுழைகிறது. ஆகவே காற்றாலும் மூன்றரை மணி நேர மாற்றத்தை விளக்க இயலாது.

4. 1983: துருவத்தைச் சுற்றிய வழி

1944 டிசம்பரில் சிகாகோவில் கையெழுத்தான பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் முதல் பிரிவு, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பரப்புக்கு மேலுள்ள வான்பகுதியின்மீது முழு இறைமை உண்டு என்கிறது. கடலில் கப்பல்களுக்குள்ள கடந்துசெல்லும் சுதந்திரம் வானில் தானாகக் கிடைப்பதில்லை. இறங்காமல் கடந்து செல்லும் உரிமையை நாடுகள் ஒன்றுக்கொன்று வழங்கிக்கொள்ள அதே ஆண்டு தனியாக ஓர் ஒப்பந்தமும் உருவானது. சோவியத் ஒன்றியம் அதில் சேரவில்லை. பின்வந்த ரஷ்யாவும் சேரவில்லை. எனவே சைபீரியாவுக்கு மேலே பறக்க விரும்பும் ஒவ்வொரு நாடும் மாஸ்கோவோடு தனித்தனியே பேச வேண்டியிருந்தது.

கெடுபிடிப் போர்க் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்கு மேற்கத்திய நிறுவனங்களின் வழி இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒன்று மத்தியக் கிழக்கு, இந்தியத் துணைக்கண்டம், தென்கிழக்காசியா வழியே பல இடங்களில் இறங்கி ஏறும் பழைய தெற்கு வழி. அதற்கு 50 மணி நேரத்துக்கு மேல் ஆனது. மற்றது துருவ வழி. 1957 பிப்ரவரியில் ஸ்கேண்டிநேவிய நிறுவனமான எஸ்.ஏ.எஸ். டிசி-7சி விமானங்களைக் கொண்டு கோபன்ஹேகனிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜ் வழியாக டோக்கியோவுக்குச் சேவை தொடங்கியது. பயணம் ஏறத்தாழ 32 மணி நேரமாகக் குறைந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு ஐரோப்பா–ஜப்பான் பயணிகள் எரிபொருள் நிரப்பும் நேரத்தில் காத்திருக்கும் ஊராக ஆங்கரேஜ் விளங்கியது.

சோவியத் வான்பகுதி முற்றிலுமாக மூடியிருந்ததாகக் கருதுவதும் சரியல்ல. 1967 ஏப்ரலில் ஜப்பான் ஏர்லைன்ஸும் சோவியத் நிறுவனமான ஏரோஃப்ளோத்தும் கூட்டாக மாஸ்கோ–டோக்கியோ சேவையைத் தொடங்கின. சோவியத் டியு-114 விமானம், சோவியத் விமானிகள், பயணிகள் பகுதியில் ஜப்பானியப் பணிப்பெண்களும் உண்டு. 1970இல் ஜப்பானிய நிறுவனம் தன் சொந்த விமானத்தில் மாஸ்கோ வழியாகப் பாரிசுக்குப் பறக்க அனுமதி பெற்றது. மாஸ்கோவில் இறங்கி ஏறுவது இவ்வழியின் அங்கமாக இருந்தது. அரசியல் எதிரணியில் நின்ற நாடுகளுக்கும் பேரம் பேசினால் கதவு ஓரளவு திறந்தது என்பதற்கு இது சான்று.

ஃபின்ஏர் 1983 ஏப்ரலில் தேர்ந்தெடுத்த வழி துணிச்சலானது. ஹெல்சின்கியிலிருந்து நேர் வடக்கே கிளம்பி, வட துருவத்தைக் கடந்து, அலாஸ்காவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் இடையிலுள்ள பெரிங் நீரிணையின் வழியே இறங்கி, கம்சாத்கா தீபகற்பத்தை ஒதுங்கி, பசிபிக்கின் மேலாக டோக்கியோ. எங்கும் இறங்கவில்லை. மேற்கு ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்கு இடைநில்லாமல் சென்ற முதல் சேவை அதுவே. டிசி-10-30ஈஆர் விமானத்தின் பின்புறச் சரக்கறையில் கூடுதல் எரிபொருள் தொட்டி பொருத்தப்பட்டிருந்தது. ஹெல்சின்கி–துருவம் 3,300 கிலோமீட்டர், துருவம்–பெரிங் 2,690, பெரிங்–நரிதா 4,660 என மூன்று துண்டுகளையும் மிகக் குறுகிய கோடுகளாகவே எடுத்துக்கொண்டாலும் கூட்டுத்தொகை 10,650 கிலோமீட்டர். கடைசித் துண்டு கம்சாத்காவை வெட்டிச் செல்வதால் உண்மையில் இன்னும் விலகிப் பறக்க வேண்டும். நேர்வழியைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல்.

இந்த ஒதுங்கல் வெறும் சட்டச் சம்பிரதாயம் அல்ல என்பதை அதே ஆண்டு உலகம் கண்டது. 1983 செப்டம்பர் 1 அன்று நியூயார்க்கிலிருந்து ஆங்கரேஜ் வழியாக சியோல் சென்ற கொரியன் ஏர்லைன்ஸ் 007 விமானத்தை சகாலின் தீவருகே சோவியத் போர்விமானம் சுட்டு வீழ்த்தியது. 269 பேர் இறந்தனர். தானியங்கிக் கருவி வழிச்செலுத்தும் அமைப்போடு இணையாமல், காந்தத் திசை ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பறந்ததால் விமானம் 500 கிலோமீட்டருக்கு மேல் வழிவிலகியது என்று பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் 1993ஆம் ஆண்டு விசாரணை முடிவு கண்டது. பின்னாளில் ஜி.பி.எஸ். வசதியைப் பொதுப் பயன்பாட்டுக்கு அளிக்க அமெரிக்கா முன்வந்ததற்கு இந்தப் பேரிழப்பு உடனடித் தூண்டுதலாக அமைந்தது.

5. ஒன்பதரை மணி நேரம் தந்த தொழில்

1980களின் பிற்பகுதியிலிருந்து சைபீரிய வான்பகுதி படிப்படியாகத் திறந்தது. திறந்ததற்கு விலை இருந்தது. ஐரோப்பிய நிறுவனங்கள் வணிக உடன்பாடு என்ற பெயரில் ஏரோஃப்ளோத்துக்குப் பெரும் தொகை செலுத்தின. கடந்து செல்வதற்காக மட்டுமே கட்டணம் வாங்கக் கூடாது என்கிற சிகாகோ உடன்படிக்கையின் 15ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டி ஐரோப்பிய ஒன்றியம் பல ஆண்டுகள் வாதாடியும் பயன் பெரிதாக இல்லை. நிறுவனங்கள் கட்டணத்தைச் செலுத்தியதே சுற்றுவழியின் செலவு அதைவிட அதிகம் என்பதற்கு நல்ல சான்று.

ஃபின்ஏருக்கு இந்தத் திறப்பு அளித்தது நேர மிச்சம் மட்டுமல்ல, ஒரு முழு வணிக முறை. மாலை 6 மணிக்கு ஹெல்சின்கியிலிருந்து புறப்படும் விமானத்தை எடுத்துக்கொள்வோம். ஒன்பதரை மணி நேரப் பறப்பு. குளிர்காலத்தில் இரு நகரங்களுக்கும் 7 மணி நேர வித்தியாசம். டோக்கியோ நேரம் மறுநாள் காலை பத்தரைக்கு இறங்குகிறது. சுத்தம் செய்து, எரிபொருள் நிரப்பி, நண்பகலில் திரும்பக் கிளம்புகிறது. ஹெல்சின்கி நேரம் பிற்பகல் மூன்றே கால் அளவில் வந்து சேர்கிறது. மாலை 6 மணிக்கு மறுபடி டோக்கியோவுக்குப் புறப்பட அதே விமானம் தயார். 24 மணி நேரத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடுவதால், தினசரிச் சேவைக்கு ஒரே ஒரு விமானம் போதும். பாரிசிலிருந்தோ லண்டனிலிருந்தோ டோக்கியோ செல்லும் நிறுவனங்களால் இதை எட்ட முடியாது. அவர்களுடைய பறப்பு நேரம் கூடுதல். ஐரோப்பாவின் வடகிழக்கு மூலையில் இருந்த ஒரு சிறு நாட்டின் தலைநகர், ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆசியா செல்லும் பயணிகளின் மாறுமிடமானதற்கு இந்தக் கடிகாரக் கணக்கே அடித்தளம்.

இதே கணக்கை 13 மணி நேரத்துக்குப் போட்டால் விமானம் டோக்கியோவில் பிற்பகல் 2 மணிக்கு இறங்கும். 4 மணிக்குத் திரும்பினால் ஹெல்சின்கி சேரும்போது அங்கே இரவு 10 மணி. மாலை 6 மணிப் பயணத்துக்கு வேறொரு விமானம் வேண்டும். மூன்றரை மணி நேரம் கூடியதன் விளைவு பயணியின் அலுப்போடு நிற்பதில்லை. விமானங்களின் தேவை இரட்டிப்பாகிறது.

6. 2022: மூடிய வானம்

உக்ரைன்மீது ரஷ்யா முழு அளவில் படையெடுத்ததைத் தொடர்ந்து, 2022 பிப்ரவரி இறுதியில் ஃபின்லாந்து உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகள் தங்கள் வான்பகுதியை ரஷ்ய விமானங்களுக்கு மூடின. பிப்ரவரி 28 அன்று ரஷ்யா 36 நாடுகளின் விமானங்களுக்குத் தன் வான்பகுதியை மூடிப் பதிலளித்தது. மார்ச் 9 அன்று ஃபின்ஏர் டோக்கியோ சேவையை மீண்டும் தொடங்கியபோது, 39 ஆண்டுகளுக்கு முந்தைய துருவப் பாதையே மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. துருவத்தைக் கடந்ததற்கான சான்றிதழ் பயணிகளுக்கு வழங்கப்பட்டது.

பாதை துருவத்துக்கே செல்வதற்குக் காரணம் உண்டு. ரஷ்யக் கட்டுப்பாட்டு வான்பகுதி ஆர்க்டிக் பெருங்கடலின் மேலே துருவம் வரை ஆப்பு வடிவில் நீள்கிறது. அதைத் தொடாமல் பெரிங் நீரிணையை அடைய வேண்டுமானால் ஆப்பின் கூர்முனையைச் சுற்றியாக வேண்டும். நல்வாய்ப்பாக, ஹெல்சின்கி–பெரிங் பெருவட்டப் பாதையே துருவத்துக்கு மிக அருகில் செல்கிறது. துருவத்தைத் தொட்டுச் செல்வதால் கூடுவது 50 கிலோமீட்டர்கூட இல்லை.

மற்றொரு வழி தெற்கே உள்ளது. போலந்து வழியாகக் கருங்கடல் பக்கம் இறங்கி, துருக்கி, ஜார்ஜியா, அஜர்பைஜான், கஜகஸ்தான், சீனா, கொரியா எனச் செல்லும் இவ்வழியும் 11,000 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. ஆனால் இங்கே ஜெட் காற்றோட்டம் வெகுதூரம் பின்னிருந்து தள்ளுகிறது. எனவே எந்த நாளில் எந்த வழி என்பதை அன்றைய காற்று முடிவு செய்கிறது. ஜப்பான் ஏர்லைன்ஸின் டோக்கியோ–லண்டன் சேவையில் இதன் உச்சத்தைக் காணலாம். போகும்போது பசிபிக், அலாஸ்கா, கிரீன்லாந்து வழி. திரும்பும்போது மத்திய ஆசியா வழி. இரு திசைகளிலும் விமானம் கிழக்கு நோக்கியே பறந்து, ஒரு போய்வரும் பயணத்தில் உலகையே சுற்றிவிடுகிறது. சைபீரியப் பாதையில் சிறிதாக இருந்த காற்றின் பங்கு, பாதை மூடப்பட்டதும் பெரிதாயிற்று.

7. இயந்திரமா, அனுமதியா

1983இன் டிசி-10 ஒலியின் வேகத்தில் 0.82 மடங்கில் பறந்தது. 2022இன் ஏர்பஸ் ஏ350 பறப்பது 0.85 மடங்கில். நாற்பது ஆண்டுப் பொறியியல் வேகத்தில் கூட்டியது இவ்வளவே. இடைநிறுத்தங்கள் ஒழிந்ததும் வான்பகுதிகள் திறந்ததுமே பயண நேரத்தைச் சுருக்கின. 'உலகம் சுருங்குகிறது' என்ற விளக்கம் இந்த இரண்டாவது காரணத்தை இயந்திரத்தின் கணக்கில் எழுதிவிடுகிறது. அதுவே அதன் அடிப்படைப் பிழை.

இருந்தும் அனுமதியே எல்லாம் என்று சொல்லிவிடவும் முடியாது. டிசி-10க்கு மூன்று இன்ஜின்கள். துருவத்தின்மேல் ஒன்று நின்றாலும் இரண்டு மிஞ்சும். ஏ350க்கு இரண்டே. ஓர் இன்ஜின் செயலிழந்தால் மற்றதன் துணையோடு எவ்வளவு நேரத்துக்குள் மாற்று விமான நிலையத்தை அடைய வேண்டும் என்ற விதி இரட்டை இன்ஜின் விமானங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஒரு காலத்தில் 60 நிமிடமாக இருந்த அந்த வரம்பு, இன்ஜின்களின் நம்பகத்தன்மை மெய்ப்பிக்கப்பட்டதால் ஐந்து மணி நேரத்துக்கும் மேல் நீட்டிக்கப்பட்டது. அது நடந்திராவிட்டால் துருவ வழி இரட்டை இன்ஜின் விமானங்களுக்கு அடைபட்டிருக்கும். ஏ350 சுமார் 15,000 கிலோமீட்டர் பறக்கக்கூடியது என்பதால்தான் 2022இல் ஆங்கரேஜில் இறங்கும் பழைய வழக்கம் திரும்பவில்லை. துருவக் குளிரில் எரிபொருள் உறைநிலையான மைனஸ் 47 பாகையை நெருங்காதபடி கண்காணிப்பதும், நிலநடுக்கோட்டின் மேலுள்ள செயற்கைக்கோள்கள் துருவத்தில் அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடுவதால் தொலைத்தொடர்புக்கு வேறு ஏற்பாடு செய்வதும் இன்று வழக்கமான வேலைகளாகிவிட்டன. கதவு மூடியபோது சேவை முறியாமல் காத்தது இயந்திரம். கதவு திறந்திருந்தபோது கிடைத்த மூன்றரை மணி நேரத்தை அதனால் திருப்பித் தர முடியவில்லை.

அனுமதியின் எடையைத் தனியே காட்டும் ஒரு சோதனையும் இயல்பாகவே அமைந்திருக்கிறது. சீன நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்பகுதி மூடப்படவில்லை. ஷாங்காய்–ஹெல்சின்கி இடையே சீன நிறுவனமான ஜுன்யாவின் விமானம் சைபீரியாவைக் கடந்து வருகிறது. அதே நகரங்களுக்கிடையே ஃபின்ஏர் சுற்றிச் செல்கிறது. நகரங்களும் காலமும் ஒன்றே. விமானங்களின் தொழில்நுட்பமும் ஏறத்தாழ ஒரே தரம். பயண நேரத்தைப் பிரிப்பது வாலில் தீட்டிய அடையாளம் எந்த நாட்டினுடையது என்பதே.

8. அளவுகோலின் குறை

விமானப் போக்குவரத்தின் புள்ளிவிவரங்கள் பெரும்பாலும் பெருவட்டத் தூரத்தையே அலகாகக் கொள்கின்றன. பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் கரியமிலக் கணிப்பு முறையில், 5,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணங்களுக்குப் பெருவட்டத் தூரத்தோடு 125 கிலோமீட்டர் சேர்க்கப்படுகிறது. ஐரோப்பிய உமிழ்வு வணிகத் திட்டத்தின் தூரக் கணக்கில் சேர்ப்பது 95. விமான நிலையத்தைச் சுற்றிய வளைவுகளுக்கும் சிறு விலகல்களுக்கும் இந்தத் திருத்தம் போதும். ஹெல்சின்கி–டோக்கியோவில் விலகல் 3,000 கிலோமீட்டரை ஒட்டியிருக்கிறது. மணிக்குச் சுமார் 6 டன் எரிபொருள் செலவாகும் ஒரு விமானத்துக்கு மூன்றரை மணி நேரக் கூடுதல் என்பது ஒரு வழிக்கு 20 டன். தூரத்தை மட்டும் வைத்து உமிழ்வைக் கணக்கிடும் எந்தக் கருவியும் இதைப் பதிவு செய்யாது. ஒரு பயணியை 7,850 கிலோமீட்டர் கொண்டுசென்றதாகவே நிறுவனத்தின் ஏட்டிலும் பதிவாகும். எரிபொருளும் விமானிகளின் பணி நேரமும் 11,000 கிலோமீட்டருக்குச் செலவாகியிருக்கும்.

தொலைதூர நகரங்களின் இடைவெளியைக் குறிக்கும் நூல்களும் அட்டவணைகளும் பெருவட்டத் தூரத்தோடு பறந்த தூரம், இரு திசைகளின் பயண நேரம், எந்த ஆண்டின் அட்டவணை, எந்த நாட்டு நிறுவனம் ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுப்பதே முறை. ஹெல்சின்கி–டோக்கியோவுக்கு 'ஒன்பதரை மணி நேரம்' என்ற பதிவு 2019க்குச் சரியானது. ஆண்டைக் குறிப்பிடாமல் அச்சிட்டால் 1983க்கும் 2022க்கும் அது தவறு.